குற்றத்துக்கு ஆளானவர்களுக்கான ஓர் ஆலோசனை மையம்: பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு மதிப்புரை

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் மீனாட்சிபுரத்துக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில், சிறிய அறக்கட்டளை ஒன்று நடத்தும் உளவியல் ஆலோசனை மையத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. வழிப்பறி, குடும்ப வன்முறை, பாலியல் குற்றம், பண மோசடி போன்றவற்றுக்கு ஆளானவர்களுக்கு மட்டுமே அங்கே சிகிச்சை தருகிறார்கள். மையத்தின் பெயரையும் இருப்பிடத்தையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஊர் சிறியது என்பதால், ஒரு பெண் அந்தப் படியில் ஏறுவதைப் பார்த்தாலே அவளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அடித்தவனே தேடிக்கொண்டு வரக்கூடும் என்ற அச்சத்தோடு வருகிற பெண்களும் அங்கே உண்டு. தேவைப்படுகிறவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ கேரள அரசின் பெண்கள் சுய உதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் சிநேகிதா உதவி மையத்திலோ கேட்டால், இத்தகைய சேவைக்கு வழி காட்டுவார்கள்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மையத்தை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். அதற்கு முதன்மையான காரணம், நடந்ததைச் சொல்லும்படி அவர்கள் யாரையும் அவசரப்படுத்துவதில்லை என்பதுதான். எதைச் சொல்வது, எப்போது சொல்வது, யார் முன்னால் சொல்வது என்பதை வந்தவரே முடிவு செய்கிறார். குற்றம் நடந்த அந்தக் கணத்தில் ஒருவரிடமிருந்து பறிக்கப்படுவது பொருள் மட்டுமல்ல, தன் உடம்பின் மீதும் தன் வழியின் மீதும் அவருக்கு இருந்த அதிகாரமும்கூட. அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் சிகிச்சையின் முதல் வேலை என்பதை அங்கிருப்பவர்கள் வரவேற்பு மேசையிலிருந்தே நடைமுறையில் காட்டுகிறார்கள்.

அங்கே சிகிச்சை பெற்றவர் என் சின்னம்மா. அவருடைய அனுமதியோடும், அவர் சொல்லச் சொன்ன அளவுக்கு மட்டுமே இதை எழுதுகிறேன். ஐம்பதைக் கடந்தவர், இரண்டு கறவை மாடுகளை வைத்து, விடியற்காலையில் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றி வீட்டுச் செலவில் பெரும்பகுதியைச் சமாளித்து வந்தவர். பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மாலையில் திரும்புகையில், கோபாலபுரம் சோதனைச் சாவடிக்குச் சற்று முன்பாக, தமிழ்நாட்டு எல்லைக்குள், பின்னால் பைக்கில் வந்த இருவர் அவர் கழுத்திலிருந்த தாலிக்கொடியைப் பறித்தார்கள். கொடி உடனே அறுந்துவிடவில்லை. அதனால் அவர் சில அடி தூரம் இழுபட்டு, தோளும் முழங்கையும் தார்ச்சாலையில் தேய்ந்து விழுந்தார்.

குற்றம் ஒரு மாநிலத்தில் நடந்து வீடு இன்னொரு மாநிலத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு அருகிலிருந்த காவல் நிலையத்தில், சம்பவம் தங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று சொல்லி, ஒரு வரிகூட எழுதிக்கொள்ளாமல் அனுப்பிவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்தாக வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பாதிக்கப்பட்டவரிடம் கொடுக்கவும் வேண்டும். ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் இந்த ஏற்பாடு எங்களைப் போன்ற ஊர்களுக்கென்றே எழுதப்பட்டதுபோல இருக்கிறது. அன்று அது கைகொடுக்கவில்லை. இரத்தம் காயாத கையோடு அவர் மறுபடியும் எல்லையைத் தாண்டிப் போய், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது.

அதன் பிறகு சொல்லி முடியாத சொல்லல் தொடங்கியது. காவலரிடம், மருத்துவரிடம், மருத்துவமனைக் காவல் சாவடியில், பார்க்க வந்த உறவினரிடம், பார்க்க வராமல் போனில் கேட்டவரிடம் என்று ஒரே கதையைச் சின்னம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்டவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு கேள்வியோடுதான் முடித்தார்கள்: அந்த நேரத்தில் ஏன் தனியாக நடந்தீர்கள், முந்தானையை இழுத்துப் போர்த்தியிருக்கக் கூடாதா, வண்டி எண்ணைப் பார்க்கவில்லையா. எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியது, பறிபோனது தாலி என்பதால் வந்த பேச்சு. “கட்டுன தாலியக் காப்பாத்திக்க முடியலையே” என்று ஒரு பெரியம்மா அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். பரிகாரம் செய்யாவிட்டால் சித்தப்பாவின் உயிருக்கு ஆகாது என்று வேறொருவர் சொல்லிப் போனார். ஒரு சங்கிலியாக மட்டும் இருந்திருந்தால், ஏழு பவுன் போனது என்று அழுது தேறியிருப்பார். கணவரின் ஆயுளைத் தானே தொலைத்துவிட்டதாக நினைத்தபோது அவருக்கு அழுகைகூட வரவில்லை. மஞ்சள் கயிறு கட்டிய கழுத்தைக் கையால் மூடியபடியே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்.

தூக்கம் போயிற்று. பைக் சத்தம் கேட்டால் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. சம்பவம் நடந்த இடத்துக்கும் பால் சொசைட்டிக்குப் போகும் வழிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் அந்த வழியில் நடக்க முடியாமல் போய், பால் ஊற்றுவது நின்றது. வீட்டுக்கு வருகிற பணமும் அதோடு குறைந்தது. தனியார் மருத்துவர் ஒருவர் முதல் வாரத்திலேயே தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். இது மிகப் பரவலாக நடக்கிற காரியம் என்பதால் ஒன்றைத் தெளிவாகக் குறிப்பிட விரும்புகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அதிர்ச்சிச் சம்பவத்துக்குப் பிந்தைய முதல் மாதத்தில், அந்த அதிர்ச்சியால் ஏற்படும் அறிகுறிகளுக்காகப் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் பென்சோடயசபைன் வகை மாத்திரைகளைத் தர வேண்டாம் என்று கூறப்பட்டுள்ளது. ஒரே அமர்வில் நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்க்க வைக்கும் முறையையும் அதே நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. “மனசுல இருக்கறத எல்லாம் சொல்லி அழுதுட்டா சரியாயிரும்” என்று நாம் அன்போடு வற்புறுத்துவது, கேட்கிறவர் தயாராக இல்லாதபோது, காயத்தைக் கிளறிவிடத்தான் செய்யும்.

மையத்தில் நான் முதலில் கவனித்தது நாற்காலிகளைத்தான். அறையில் மூன்று நாற்காலிகள் வெவ்வேறு திசையில் போடப்பட்டிருந்தன. உளவியலாளர் உட்காரவில்லை. “எங்க உக்காந்தா உங்களுக்கு வசதிங்க அக்கா? கதவு திறந்திருக்கட்டுமா, சாத்திரட்டுமா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சின்னம்மா சுவரில் முதுகு படும்படியும் கதவு கண்ணில் படும்படியும் இருந்த நாற்காலியைத் தேர்ந்தெடுத்தார். கதவை ஒரு கை அகலம் திறந்து வைக்கச் சொன்னார். அதன் பிறகுதான் அந்த அம்மா தனக்கு மிஞ்சியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்குக் குற்றத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் யார், மாடுகளை இப்போது யார் பார்க்கிறார்கள், பயமாக இருக்கும்போது யாரைக் கூப்பிடுவீர்கள் என்பவையே பேச்சாக இருந்தன. நான் கூட இருக்கலாமா என்பதையும் அவரிடமே, என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்கள். நான் முன்னால் இருக்கும்போது கேட்டால் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர் விரும்பிய அமர்வுகளில் மட்டும் உள்ளே இருந்தேன். மற்றவற்றில் என்ன நடந்தது என்பதை இதுவரை கேட்டதில்லை.

அச்சமும் தூக்கமின்மையும் முதல் சில வாரங்களில் எவருக்கும் வரக்கூடியவை என்பதையும், பலருக்கு அவை தாமாகவே தணியும் என்பதையும், ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால்தான் அதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று கணிப்பார்கள் என்பதையும் உளவியலாளர் எளிமையாக விளக்கினார். “பைத்தியம் புடிச்சிருச்சோன்னு நெனச்சேன்” என்று சின்னம்மா சொன்னது அந்த விளக்கத்துக்குப் பிறகுதான். அந்த ஒரு பயம் நீங்கியதே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பிறகு வந்த வாரங்களில் அவர்கள் கையாண்ட முறை, அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா ரெசிக் 1980-களின் பிற்பகுதியில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக உருவாக்கி, இன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ள சிகிச்சையைத் தழுவியது. வழக்கமாகப் பன்னிரண்டு அமர்வுகளைக் கொண்ட இந்தச் சிகிச்சையில், நடந்ததைப் பற்றி மனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றுக்கு ஆதாரம் உண்டா என்று பார்க்கிறார்கள். சின்னம்மாவிடம் அப்படி இரண்டு தீர்ப்புகள் இருந்தன. நான் கத்தியிருந்தால் விட்டிருப்பான் என்பது ஒன்று. என் கவனக்குறைவால் கணவருக்கு ஆகாது என்பது இன்னொன்று.

முதல் தீர்ப்பை எடுத்த அன்று நான் உள்ளே இருந்தேன். “வண்டிச் சத்தம் கேட்டதுக்கும் நீங்க கீழ விழுந்ததுக்கும் நடுவுல எத்தன மூச்சு விட்டிருப்பீங்க அக்கா?” என்று உளவியலாளர் கேட்டார். சின்னம்மா கண்ணை மூடி யோசித்து, “ஒன்னு... மிஞ்சிப் போனா ரெண்டு” என்றார். “அந்த ரெண்டு மூச்சுக்குள்ள நீங்க என்னென்ன செஞ்சிருக்கணும்?” என்று கேட்டதும், சின்னம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், ஓரமாக விலகியிருக்க வேண்டும், கொடியைப் பிடித்திருக்க வேண்டும், கத்தியிருக்க வேண்டும், வண்டி எண்ணைப் படித்திருக்க வேண்டும், அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆறாவது விரலில் அவராகவே நிறுத்திவிட்டு, மடக்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உளவியலாளர் எந்த முடிவையும் எடுத்துச் சொல்லவில்லை. நான் அறிந்த எந்த ஆறுதல் வார்த்தையும் அந்தக் கேள்வி செய்த வேலையைச் செய்திருக்காது.

தாலியைப் பற்றிய தீர்ப்பை அவர்கள் கையாண்ட விதம் இன்னும் நுட்பமானது. அது மூடநம்பிக்கை என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சின்னம்மா அடுத்த வாரம் போயிருக்க மாட்டார். அவருடைய சொந்தக்காரர்களில் தாலி தொலைந்தவர்கள், அடகு வைத்தவர்கள், மருத்துவமனையில் ஆபரேஷனுக்காகக் கழற்றியவர்கள் யார் யார், அவர்கள் கணவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னார்கள். மஞ்சள் கயிறு கட்டும் வழக்கமே எதற்காக வந்திருக்கும் என்பதை அவருடைய மாமியாரிடமே கேட்டு வரச் சொன்னார்கள். அந்த மூதாட்டி, “கயிறுதாண்டி தாலி, பொன்னு அப்பறம் வந்தது” என்று சொன்ன பதில், எந்த உளவியலாளரும் தர முடியாத மருந்தாக அமைந்தது. குடும்பத்துக்குள்ளேயே இருக்கிற நல்ல சொல்லைத் தேடி எடுத்து வரச் செய்ததைச் சிகிச்சையின் மிகச் சிறந்த பகுதியாகக் கருதுகிறேன்.

இந்த முறையில் எழுத்து வேலை நிறைய உண்டு. ஒவ்வொரு வாரமும் தாளில் நிரப்பி வர வேண்டும். தமிழ்வழிப் பள்ளியில் ஆரம்ப வகுப்புகள் மட்டுமே படித்த சின்னம்மாவுக்கு அது முடியாது என்பதால், அவருடைய போனிலேயே குரலில் பதிவு செய்து வரச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இது சரிப்படுமா என்று ஐயுறுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: காங்கோ நாட்டில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடையே இதே சிகிச்சையைக் குழுவாக நடத்திப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. அங்கே சிகிச்சை தந்தவர்கள் பட்டம் பெற்ற உளவியலாளர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். பங்கேற்றவர்களில் எழுத்தறிவில்லாதவர்கள் பலர். அறிகுறிகள் வெகுவாகக் குறைந்ததை அந்த ஆய்வு காட்டியது. நம் ஊர்களிலும் இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே போதுமான சான்று.

வெளியே நடமாடும் பயத்துக்கு வேறு வகையான பயிற்சி தந்தார்கள். பயம் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடம் வரை சின்னம்மாவே ஒரு வரிசை போட்டார்: வாசல் திண்ணையில் உட்கார்ந்து சாலையில் போகும் வண்டிகளைப் பார்ப்பது, பகலில் சித்தப்பாவோடு கால்வாய்ப் பாலம் வரை போவது, பிறகு தனியாக அதே பாலம், அதற்குப் பிறகு விடியற்காலையில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சொசைட்டி, கடைசியில் கோபாலபுரம் சாலை. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பாதியில் திரும்பி ஓடினால் பயம் இன்னும் வலுக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கால்வாய்ப் பாலத்தில் ஒருநாள் பின்னால் புல்லட் பைக் ஒன்று வந்தபோது சின்னம்மாவின் கை கழுத்துவரை போய், அங்கேயே நின்று, மெல்லக் கீழே இறங்கியதைக் கூட நடந்த பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துச் சொன்னார். இப்போது பால் ஊற்றப் போகிறார். கோபாலபுரம் சாலைக்கு இன்னும் தனியாகப் போகவில்லை. அதற்கு அவசரமில்லை என்று மையத்திலும் சொல்லிவிட்டார்கள்.

ஒருமுறை குற்றத்துக்கு ஆளானவருக்கு மறுபடியும் தீங்கு நேரும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதையும், முதல் சம்பவத்தை அடுத்த சில வாரங்கள் அதில் மிக ஆபத்தானவை என்பதையும் குற்றவியல் ஆய்வுகள் பல நாடுகளில் கண்டிருக்கின்றன. இந்த மையம் அதைச் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது அமர்விலேயே, நகையை மீட்டுத் தருவதாக யாராவது அணுகினார்களா என்று கேட்டார்கள். கேட்டது நல்லதாகப் போயிற்று. மை போட்டுப் பார்த்துத் திருடனைக் காட்டுவதாகச் சொல்லி ஒருவர் முன்பணமாக ஒரு தொகையை ஏற்கெனவே வாங்கிப் போயிருந்தார். மீதியைக் கொடுப்பதற்காக மாட்டை விற்பது பற்றி வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நகை அடகுக் கடையில் இருப்பதாகவும் பணம் அனுப்பினால் எடுத்துத் தருவதாகவும் போன் அழைப்பும் வந்திருந்தது. எழுதி வைத்துக்கொண்டு, அழைப்பு வந்த எண்ணை விசாரணை அதிகாரியிடம் கொடுக்கும்படியும், பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்கும்படியும் சொன்னார்கள். துயரத்தில் இருக்கிறவர்களைத் தேடி வருகிற இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

வீட்டுக்குள் நடக்கிற தீங்கும் அவர்கள் பார்வைக்குத் தப்பவில்லை. சித்தப்பா கெட்டவர் அல்லர், ஆனால் ஒவ்வொரு சண்டையிலும் “அன்னைக்கே சொன்னேன், பஸ்ஸுல வான்னு, கேட்டியா?” என்று முடிப்பார். அவரை ஓர் அமர்வுக்கு அழைத்து, அந்த வாக்கியம் சின்னம்மாவின் தூக்கத்தை என்ன செய்கிறது என்பதைப் புரியவைத்தார்கள். அவருக்குள்ளும் மனைவியைக் காக்க முடியாத வெட்கம் இருந்ததை அன்றுதான் நாங்கள் அறிந்தோம். உறவினர்கள் வந்து கதை கேட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தையும் சின்னம்மாவுக்குப் பழக்கினார்கள்: “அதப் பத்தி இப்பப் பேச வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.” நம் வீடுகளில் டாக்டர் சொன்னதை யாரும் மறுப்பதில்லை.

நீதிமன்றப் பக்கத்திலும் மையத்தின் உதவி இருந்தது. பிடிபட்டவர்களை அடையாளம் காட்டுவதற்குச் சிறையில் நீதித்துறை நடுவர் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கும். பறித்தவர்களின் முகத்துக்கு முன்னால் நிற்பது என்பது பாதி தேறியவரை மறுபடியும் கீழே தள்ளிவிடக்கூடியது. அங்கே என்னென்ன நடக்கும், யார் இருப்பார்கள், நிச்சயமாகத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்வது குற்றமல்ல என்பதையெல்லாம் முன்னதாகவே ஒத்திகைபோலப் பேசித் தயார்ப்படுத்தினார்கள். புலனாய்வு எந்த நிலையில் உள்ளது என்பதை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்தப் புதிய சன்ஹிதாவின் 193-ஆம் பிரிவு சொல்வதையும், மீட்கப்பட்ட நகையை வழக்கு முடியும்வரை காவல் நிலையத்தில் போட்டு வைக்காமல், புகைப்படமும் பதிவும் எடுத்துக்கொண்டு உரியவரிடம் திருப்பித் தர வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் கூறியதையும் அவர்கள் மூலமாகவே அறிந்தோம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது. இழப்பீட்டுக்கு அதே சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவின் கீழ் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுச் செய்யலாம். குற்றம் நடந்தது தமிழ்நாட்டில் என்பதால் நாங்கள் கோவையை அணுக வேண்டும் என்பதையும், காயச் சான்றிதழோடு தங்கள் சிகிச்சைக் கடிதத்தையும் இணைக்கலாம் என்பதையும் சொல்லி, கடிதத்தைக் கட்டணமின்றித் தந்தார்கள். கடிதத்தில் நோயின் விவரத்தை எந்த அளவுக்கு எழுதலாம் என்று சின்னம்மாவிடம் கேட்டுவிட்டே எழுதினார்கள்.

குறைகளையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். முதலாவதும் பெரியதும் மொழி. சித்தூர் வட்டம் தமிழர் நிறைந்த மொழிச் சிறுபான்மைப் பகுதி. வருகிறவர்களில் பலர் மலையாளம் பேசுவார்கள், ஆனால் படிக்கத் தெரியாது. அங்கே கொடுக்கப்பட்ட ஒப்புதல் படிவம் மலையாளத்தில் மட்டுமே இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் பொறுமையாக வாசித்து விளக்கினார் என்பது உண்மைதான். இருந்தாலும் தன் இரகசியத்தை யார் யாரிடம் பகிரலாம் என்று கையெழுத்திடும் தாளை ஒருவர் தன் கண்ணால் படித்தறிய முடியாமல் போவது, இந்த மையம் மற்ற எல்லாவற்றிலும் கடைப்பிடிக்கிற கொள்கைக்கே மாறானது. தமிழ் பேசும் உளவியலாளர் வாரத்தில் சில நாட்கள்தான் வருகிறார். மற்ற நாட்களில் இருப்பவர் நல்லவர், தமிழ் புரிந்துகொள்வார். ஆனால் தாலியைப் பற்றிய பேச்சையெல்லாம் சின்னம்மாவால் அவரிடம் பேசியிருக்க முடியாது. பயத்தையும் வெட்கத்தையும் மனிதர்கள் தாய்மொழியில்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவது குறை காத்திருப்பு அறை. அது சாலையைப் பார்த்து இருக்கிறது. அடுத்து பேக்கரியும் ஆட்டோ நிறுத்தமும். உள்ளே இவ்வளவு கவனமாக இருப்பவர்கள், வெளியே உட்கார்ந்திருப்பவர் யார் கண்ணிலெல்லாம் படுகிறார் என்பதை எப்படியோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரு திரைச்சீலை போட்டு, பின்பக்க வழியைத் திறந்துவிட்டால் தீர்ந்துவிடும். பொள்ளாச்சி நீதிமன்றத்தில் வாய்தா விழுந்த நாளில் அமர்வைத் தவறவிட்டால் அடுத்த இடம் கிடைக்க நெடுநாள் காத்திருக்க வேண்டியிருப்பதும் சிரமமே. ஆண்களுக்கென்று நேரம் ஒதுக்கப்படவில்லை. கடன் ஆப் மிரட்டலிலும் ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் நடக்கும் மோசடியிலும் சேமிப்பைப் பறிகொடுத்த ஆண்கள் இந்தப் பகுதியிலும் இருக்கிறார்கள். பெண்கள் நிறைந்த அந்த அறையில் அவர்கள் வந்து உட்காரத் தயங்குவார்கள்.

கட்டணத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. முதல் சந்திப்புக்கு எதுவும் வாங்குவதில்லை. பிறகு இயன்றதைக் கொடுக்கலாம், கொடுக்காவிட்டாலும் நடத்தும் விதம் மாறுவதில்லை.

உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும் நிலையிலும், தற்கொலை எண்ணம் தீவிரமாக இருக்கும்போதும் இந்த மையம் போதாது. அவர்களே அதைச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடிக்கும் கணவனோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு முதலில் தேவை தங்குமிடமே. அதற்கு 181 என்ற எண் வழியாக, 2015 முதல் நடந்துவரும் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தை அணுகலாம். மருத்துவம், காவல், சட்டம், ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவை அங்கே ஒரே கூரையின் கீழ் உண்டு. பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் 1098. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்பதையும், திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு அழைக்கக் கூடாது என்பதையும் பெற்றோர் தெரிந்து வைத்திருந்து கேட்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே வரவே முடியாதவர்களுக்கு, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

இந்த மையத்துக்குப் போக முடிவு செய்கிறவர்கள், முதலில் போன் செய்யும்போதே தமிழ் பேசும் உளவியலாளர் வரும் நாளைக் கேட்டு அந்த நாளில் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல், காயச் சான்றிதழ், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு ஆகியவை கையில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்ப மாட்டார்கள், வழக்கே பதிவு செய்யாதவர்களையும் அவர்கள் பார்க்கிறார்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், மொழிபெயர்த்துக் கொடுத்தால் அச்சிட்டு வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அந்த வேலையைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.